மன்னார்குடியில மூணு வாரம், அதுல பாதி வாஷிங் மெஷினுக்கு

ஜூன் மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிட்டு நேத்துதான் ஸ்டுட்கார்ட் திரும்பினேன். ஃப்ளைட், மன்னை எக்ஸ்பிரஸ், சித்தப்பா பொண்ணு கல்யாணம், குலதெய்வம் கோயில் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அதுல எழுத ஒண்ணும் இல்ல. எழுத வேண்டியது அம்மா வீட்டு வாஷிங் மெஷினப் பத்தித்தான்.

வாசல்ல பெட்டிய இறக்கி வைக்கல, அம்மா "தம்பி, போன்ல சொன்னேன்ல, மெஷின் என்னமோ எழுத்து காட்டுதுடா, ஒரு வாரமா கையாலதான் தொவைக்கிறேன்"ன்னாங்க. கொல்லைத் தாழ்வாரத்துல நிக்கிற முன்கதவு மெஷின், 2016ல வாங்கினது. போட்டுப் பாத்தேன். தண்ணி எடுக்குது, கதவு லாக் ஆகுது, அப்புறம் டிரம் ஒரே வெட்டு வெட்டி வேகமா சுத்தி டபக்குனு நிக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு வெட்டு. மூணாவது தடவையோட எஃப் போட்டு ரெண்டு நம்பர். புக்க எடுத்துப் பாத்தா மோட்டார் கோளாறு, சர்வீஸ அழைக்கவும், அவ்ளோதான்.

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்னே சொல்லணும். ஏன்னா இந்த மாதிரி பெல்ட் வச்ச மோட்டார்ல கார்பன் பிரஷ் (சுத்துற பாகத்துக்குக் கரண்ட் குடுக்குற கரித்துண்டு) தேயும், தேஞ்சா இந்த எரர் கோடு வரும், 2022ல வந்தப்ப இதே மெஷினுக்கு நான்தான் பிரஷ் மாத்துனேன். அங்க ஜெர்மனியில ஒரு ஆள வீட்டுக்குக் கூப்புட்டா வந்து பெல் அடிக்கவே 90 யூரோ கேக்கறான், அதனால எல்லாத்தையும் நாமளே கத்துக்கிட்டோம். இந்தத் தடவை அம்மா போன்ல சொன்ன உடனேயே ஒரு செட் பிரஷ் வாங்கி பெட்டியில வேற போட்டுட்டு வந்திருந்தேன். பின் தகட்டக் கழட்டி, பிரஷ்ஷ உருவி, ஸ்கேல் வச்சு அளந்தா 28 மில்லிமீட்டர் நிக்குது. 12, 13க்குக் கீழ வந்தாத்தான் மாத்தணும். எங்கிட்ட இருந்த ஒரே வித்தை அதோட முடிஞ்சுது.

சரி, கம்பெனி சர்வீஸ். பேரு வேணாம். ஆப்ல புகார் போட்டேன், மறுநாள் ஒருத்தர் போன் பண்ணி "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்க"ன்னார். வரப்போறாருன்னு நினைச்சு சொல்லிட்டேன். அஞ்சு நிமிஷத்துல மெசேஜ்: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, அஞ்சு ஸ்டார் கொடுங்கள். யாரும் வரவே இல்லங்க! நான் திண்ணையில உக்காந்துகிட்டு இருக்கேன், மெஷின் பின்னாடி தொறந்தபடி கிடக்கு, புகார் தீந்துபோச்சு. ஜெர்மனியில காலையில 8லேந்து 12க்குள்ள வர்றேன்னு சொன்னா 11:55க்காவது வந்து நிப்பான், வந்ததும் காலுக்கு நீலக் கலர் உறைய மாட்டிக்கிட்டுத்தான் உள்ள நுழைவான், பில்ல பாத்தா நெஞ்சு அடைக்கும், அது வேற கதை. பொய்யா மட்டும் மூட மாட்டான்.

ரெண்டாவது புகார் போட்டு மூணு நாள் கழிச்சு ஒரு பையன் வந்தான். செருப்பக் கூட கழட்டல. குனியல. டிஸ்ப்ளேல கோட பாத்தான், போன்ல எதையோ தட்டினான், "மோட்டாரும் கண்ட்ரோல் போர்டும் மாத்தணும் சார், 11,400 ஆகும், ஒம்பது வருச மெஷின், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துருங்களேன்"னான். மீட்டர் வச்சுப் பாக்கலையான்னு கேட்டேன். "கோடே மோட்டார்னு சொல்லுதே சார்." விசிட் சார்ஜ் 450, ஜிஎஸ்டி 18 பர்சண்ட், ஆக 531 ரூபா. நாலு நிமிஷம். அங்க ஐரோப்பாவுல 2021 மார்ச்லேந்து சட்டமே இருக்கு, வாஷிங் மெஷின் மாடல விக்கிறத நிறுத்துனாலும் பத்து வருஷத்துக்கு மோட்டார், பிரஷ்ஷெல்லாம் ரிப்பேர்காரனுக்குக் கிடைக்கணும்னு. இத அவன்ட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. அம்மா அவனுக்கும் காப்பி குடுத்தாங்க.

அன்னிக்கு ராத்திரிதான் அம்மா சொன்னாங்க, "பந்தலடிப் பக்கம் காயில் கட்டுற அண்ணன்ட்ட காட்டேன், நம்ம போர் மோட்டாரெல்லாம் அவருதான் பாப்பாரு." எனக்கு நம்பிக்கை இல்ல. அவரு பம்புசெட் ஆளு, இது எலெக்ட்ரானிக். ஆனா வேற வழி? மோட்டாரக் கழட்டி ஒயர் கூடையில வச்சு மாமாவோட எக்ஸெல் முன்னாடி நிறுத்திக் கொண்டு போனேன்.

போன நேரம் அப்படி. 12ந்தேதி மேட்டூர் தொறந்தாச்சு, தண்ணி நம்ம பக்கம் வர்றதுக்குள்ள நாத்தங்கால் போட்டுறணும்னு போர் வச்சிருக்கறவங்க எல்லாம் அவசரத்துல இருக்காங்க, கடைத் தரையில காலு வைக்க இடமில்லாம நீர்மூழ்கி மோட்டாரா படுத்துக் கிடக்கு. வார்னிஷ் வாசனை. சின்ன வயசுல அப்பாவோட வந்து இதே மாதிரி ஒரு கடையில உக்காந்து காப்பர் கம்பிய எடை போடுறத வேடிக்கை பாத்த ஞாபகம் வந்துருச்சு. நான் கூடையத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன், குழந்தை பொம்மையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி.

அவரு சிரிக்கல. "என்ன பண்ணுது, அத மொதல்ல சொல்லுங்க தம்பி"ன்னார். கோடு நம்பர சொன்னேன். "அத விடுங்க, டிரம் என்ன பண்ணுது?" வெட்டு வெட்டி நிக்குதுண்ணேன்னேன். "வெட்டுதுல்ல, அப்ப மோட்டார் ஓடுது. ஓடுறது அதுக்குத் தெரியல." பத்து நாள்ல எவனும் சொல்லாதது.

200 வாட் குண்டு பல்ப சீரீஸ்ல போட்டு மோட்டாருக்குக் கரண்ட் குடுத்தார், பல்ப் மங்கலா எரிய மோட்டார் சொகமா சுத்துச்சு. அப்புறம் அச்சுக்குப் பின்னாடி ஒரு சின்னக் காந்தம், அதச் சுத்தி மூடி மாதிரி ஒரு குட்டிக் காயில், அதக் காமிச்சார். டேக்கோன்னு பேரு. மோட்டார் சுத்துனா இதுலேந்து துளி கரண்ட் வரும், அத வச்சுத்தான் போர்டுக்கு வேகம் தெரியும், வரலைன்னா பயந்துகிட்டு நிறுத்திரும், நிறுத்திட்டு மோட்டார் மேல பழிய போட்டுரும். அந்த ரெண்டு பொடி ஒயர்ல மீட்டர வச்சார், 180 ஓம் சொச்சம். மெஷினுக்கு மெஷின் மாறுமாம், அறுந்திருந்தா ஒண்ணுமே காட்டாதாம். மீட்டர ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, கட்டை வெரலால அச்ச ஒரு தள்ளு தள்ளுனார், முள்ளு லேசா துள்ளுச்சு (பழைய முள்ளு மீட்டர், கண்ணாடி ஓரத்துல செல்லோடேப்). "மோட்டாரும் நல்லாருக்கு, டேக்கோவும் நல்லாருக்கு. போர்டுக்குப் போற வழியிலதான் என்னமோ. கடைய சாத்திட்டு வர்றேன்."

சொன்னாரு, வந்தாரு, ராத்திரி எட்டரைக்கு. ஓடிபி கேக்கல. பிளக்க புடுங்கிட்டு மெஷினுக்குப் பின்னாடி சப்பணம் போட்டு உக்காந்து, மோட்டார் கனெக்டர்லேந்து போர்டு வரைக்கும் ஒவ்வொரு ஒயரா மீட்டர்ல பீப் வச்சுப் பாத்தார், ஒயர் அறுகாம இருந்தா சத்தம் வரும். பீப், பீப், பீப், அடுத்தது சத்தமே இல்ல. டார்ச்ச அடிச்சு அந்த ஒயர் போற வழியிலயே விரல ஓட்டிக்கிட்டுப் போனா, அடியில கிளிப்புக்குப் பின்னாடி ரெண்டு பல்லு தடம். கொஞ்சம் எலிப்புழுக்கை, நெல்லு உமி. எங்க கொல்லையத் தாண்டினா வயல், சொல்லணுமா.

ஒயர சீவி, முறுக்கி, ஈயம் வச்சு, ஸ்லீவ் போட்டு, மேல டேப் சுத்தி, கிளிப்ப இன்னும் ஒசரத்துல மாட்டுனார். மோட்டார ஏத்தி, பெல்ட்டப் போட்டு ஆன் பண்ணா டிரம் மெதுவா இந்தப் பக்கம் ஒரு சுத்து, அந்தப் பக்கம் ஒரு சுத்து. நான் கை தட்டிட்டேன். 300 ரூபா கேட்டார். 500 குடுத்தா 200அ திருப்பி என் சட்டப் பையில வச்சுட்டு அம்மாட்ட மோர் வாங்கிக் குடிச்சார்.

குடிச்சுகிட்டே கேட்டார், "இந்த மெஷினுக்கு அடியில பிளாஸ்டிக் தட்டு ஒண்ணு வருமே தம்பி, எலி போவாம இருக்க. அது எங்க?"

எனக்கு சுருக்குனுச்சு. 2022ல பிரஷ் மாத்த மெஷின சாச்சப்ப அந்தத் தட்ட கழட்டுனது நான்தான். காத்தோட்டமா இருக்கட்டும், மோட்டார் சூடாவாதுன்னு அம்மாவுக்கு விளக்கம் வேற குடுத்து பரண்ல போட்டுட்டுப் போனேன். பரண்ல ஏறித் தேடினேன், இல்ல.

"அதுவா, மாடியில இருக்கு"ன்னாங்க அம்மா. மறுநாள் காலையில போய்ப் பாத்தா அதுல மோர்மிளகா காயுது. எடுக்கலாம்னு கைய வச்சேன், கீழேந்து ஒரு சத்தம், "இன்னும் ரெண்டு வெயில் காயணும், அத தொடாத!"

நான் கிளம்புற வரைக்கும் காஞ்சுகிட்டுதான் இருந்துச்சு.