ஓட்டு வீட்டு எலிக்கு மருந்தா, கூண்டா?

சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிக்கு அடுத்த இடம் நம் வீடுதான். ஐப்பசி மழையில் வரப்பு வளைக்குள் தண்ணீர் ஏறினாலும் அதே கதை. திருவாரூர் பக்கம் ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெல் மூட்டையோ பட்டுப் புடவையோ ஒயரோ கடிபட்ட பிறகுதான் கடைக்குப் போவோம். அங்கே மருந்து இருக்கும், கூண்டு இருக்கும், பசை அட்டையும் இருக்கும். எங்கள் வீட்டில் மருந்தை நிறுத்திக் கூண்டுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. அதனால் நான் கூண்டுப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

விலையில் மருந்து மலிவு. வேலையும் குறைவு, ஓரத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிடலாம். குழந்தையும் கோழியும் திரியும் வீட்டில் அதன் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததே. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பேஸ்ட் வீட்டில் எங்காவது மிச்சம் இருந்தால் அதை வைத்திருக்காதீர்கள். அது கல்லீரலைக் கெடுக்கும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. தமிழக அரசு அதைத் தடை செய்ததே அதனால்தான்.

என்னைக் கூண்டுக்கு மாற்றியது விலையும் இல்லை, இந்தப் பயமும் இல்லை. செத்த எலி எங்கே கிடக்கும் என்ற கேள்விதான்.

இப்போது கடையில் அதிகம் கிடைப்பது புரோமடியோலோன் வில்லைகள். இதைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறைவது நின்று, உள்ளுக்குள் கசிந்து, சாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். ‘தாகம் எடுத்து வெளியே ஓடிச் செத்துவிடும்’ என்று கடையில் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். சோர்ந்துபோன எலி தனக்குப் பாதுகாப்பான இடத்தைத்தான் தேடும். அது சுவர்ப் பொந்தாக இருக்கலாம், பரண் மூலையாக இருக்கலாம், ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவிலாகவும் இருக்கலாம். மாடி வீட்டிலாவது தேடிப் பார்க்கலாம். ஓட்டு வீட்டில் நாற்றம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. ஒவ்வொரு ஓடாக எடுத்துப் பார்க்க வேண்டும்; எடுத்தால் நாலு ஓடு உடையும். தேடாமல் விட்டால் வாரக்கணக்கில் நாற்றம், ஈ, புழு. மூடாத கிணறோ தொட்டியோ இருந்தால் கவலை இன்னும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. மருந்து தின்ற எலி சாகும்வரை தள்ளாடிக்கொண்டு திரியும். பூனைக்கும் நாய்க்கும் ஆந்தைக்கும் அதுதான் சுலபமாக அகப்படும். எலிக்குள் இருக்கும் விஷம் அவற்றுக்கும் போகும். எலியைப் பிடிக்கட்டும் என்று வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டுவிட்டு, வீட்டில் இந்த வில்லையை வைப்பது எந்த வகையில் சரி? ஓர் ஆந்தை போனால் அது ஒவ்வோர் இரவும் பிடித்திருக்கக்கூடிய எலிகள் எல்லாம் மிச்சம்.

துத்தநாக பாஸ்பைடு (கருப்புத் தூள்) சீக்கிரம் கொல்லும். ஆனால் கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்தத் தீனியைத் தொடாது.

கூண்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எலி இருக்கிறதா இல்லையா என்பது காலையில் கண்ணுக்கு நேராகத் தெரியும். மூஞ்சூறு மாட்டினால் திறந்து விட்டுவிடலாம். அது கரப்பானையும் பூச்சியையும் தின்னும் பிராணி, எலி இனமே இல்லை. மருந்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

கூண்டு வேலை வாங்கும் என்பதும் உண்மை. புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கிப் போகும். அதனால் முதல் இரண்டு மூன்று ராத்திரி கதவு விழாதபடி கட்டிவைத்து, உள்ளே தீனி மட்டும் வையுங்கள். பழகட்டும். சுட்ட கருவாடு, வறுத்த தேங்காய்ச் சில்லு, மசால் வடை எல்லாம் எடுபடும். எங்கள் வீட்டில் கருவாடுதான் முதலிடம். தீனியைக் கொக்கியில் நூலால் இறுகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நைசாக உருவிக்கொண்டு போய்விடும். எலி நடுக்கூடத்தில் நடக்காது, சுவரை ஒட்டித்தான் ஓடும். கூண்டும் அங்கேதான் இருக்க வேண்டும். தினமும் காலையில் பார்த்தே ஆக வேண்டும். மாட்டிய உயிரைப் பட்டினி போட்டுச் சாகவிடுவது கொடுமை. எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால், கையில் உறை போட்டுக்கொண்டு கூண்டைச் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி வெயிலில் வையுங்கள்.

பிடித்ததை என்ன செய்வது என்பதுதான் கூண்டின் சங்கடம். அடுத்த தெருவில் விட்டால் அடுத்த வீட்டுக்கு அனுப்பியது போலத்தான். நாங்கள் வீடுகளைத் தாண்டி ஆற்றங்கரைத் திடல் வரை கொண்டுபோய் விடுகிறோம். அதற்கு முடியாதவர்களுக்குக் கட்டைப்பொறி இருக்கிறது. ஒரே அடியில் முடித்துவிடும், ஆனால் கோழிக்குஞ்சு போகும் இடத்தில் வைக்கக் கூடாது. பசை அட்டையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில் துடிக்கும். பல்லியும் ஓணானும் சேர்ந்து ஒட்டும். பல மாநிலங்கள் அதற்குத் தடை உத்தரவு போட்டிருக்கின்றன.

பூனையைப் பற்றி என் அனுபவம் குறைவு. எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் பூனை சுண்டெலியைப் பிடிக்கிறது, பெருச்சாளியைக் கண்டால் ஒதுங்குகிறது. எல்லாப் பூனையும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன்.

எதை வைத்தாலும் வழியை அடைக்காவிட்டால் புது எலி வந்துகொண்டே இருக்கும். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும். சுவர்ப் பொந்தைக் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் கலந்து அடையுங்கள். கூரையைத் தொடும் தென்னை மட்டை, முருங்கைக் கிளையை வெட்டுங்கள். மரத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தகரம் சுற்றினால் ஏறாது. இறவாணத்தை (ஓட்டுக் கூரையின் கீழ் ஓரத்தை) முழுதாக அடைக்க முடியாது. அங்கே கம்பி வலைதான் ஓரளவு தாங்குகிறது.

நெல் நிறைய அடுக்கியிருந்து, கூண்டுக்கு மிஞ்சி எலி பெருகிவிட்டால் மருந்து வைக்க வேண்டி வரலாம். அப்போதும் வில்லையைத் திறந்து போடாமல், எலி மட்டும் நுழையும் பெட்டிக்குள் கம்பியால் கட்டி வையுங்கள். வீட்டைவிட்டுத் தள்ளி வைக்கோல் போர்ப் பக்கம் வைத்தால் நல்லது. ஒரு வாரம் தினமும் சுற்றிப் பார்த்து, செத்ததை உறை போட்ட கையால் எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.