குருவிக்குப் பலகைப் பெட்டியா, பிளாஸ்டிக் வீடா, மண்கலயமா?

குருவி கூடு கட்டட்டும் என்று மூன்றையும் சுவரில் மாட்டிப் பார்த்தாயிற்று. இப்போது மிச்சம் இருப்பது பலகைப் பெட்டி மட்டும்தான், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

எதில் செய்தாலும் சிட்டுக்குருவி, பட்டாணிக்குருவி, மைனா மாதிரி பொந்தில் அடையும் பறவைகள்தான் உள்ளே வரும். கொண்டைக்குருவிக்கு அரண்மனையே கட்டிக் கொடுத்தாலும் அது கிளையைத்தான் தேடிப் போகும்.

பிளாஸ்டிக் வீடு எடை குறைவு, மழையில் ஊறாது. ஆனால் சுவர் மெல்லிசு. வெயில் ஏறினால் உள்ளே அடுப்புதான். வழவழப்பில் நகம் பதியாததால் குஞ்சு வாசல் வரை ஏறவும் திணறும். நான் வாங்கியதில் வாசலுக்குக் கீழே ஒரு குச்சி வேறு. குருவிக்கு அது தேவையே இல்லை, முட்டை திருட வருகிறவர்களுக்குத்தான் வசதி. ஒரு பருவம் வைத்ததோடு கழற்றிவிட்டேன். நல்ல நிழலில் வைத்திருந்தால் கொஞ்சம் தேவலாமோ என்னவோ.

மண்கலயம் அப்படியில்லை. குளிர்ச்சி, பார்க்கவும் அழகு, குஞ்சும் பொரித்தது. சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

குருவி ஒரே ஆண்டில் இரண்டு, மூன்று முறை முட்டையிடும். பழைய கூட்டை நாம் எடுக்காவிட்டால் அதன் மேலேயே புதிதாக அடுக்கும். மெத்தை உயர உயரக் குஞ்சுகள் வாசலை நெருங்கிவிடும், பூனை கையை விட்டாலே எட்டும். பழைய வைக்கோலில் ஒளிந்திருக்கும் செள்ளும் சிறு பூச்சிகளும் அடுத்த குஞ்சுகள் மேல் ஏறும். கலயத்தின் வாசலில் என் இரண்டு விரல்தான் நுழைந்தது. கம்பியை வளைத்துக் கிண்டினேன். விளிம்பு உடைந்தது, மணிக்கட்டு முழுக்கப் பூச்சி.

பலகைப் பெட்டியில் ஒரு பக்கத்துக்குக் கீல் வைத்து, ஒரே ஒரு திருகில் மூடியிருக்கிறேன். கழற்றினால் கூடு செங்கல் மாதிரி மொத்தமாக வந்துவிடும்: வைக்கோல், இறகு, எங்கோ பொறுக்கிய நீல நூல், பொரிக்காத ஒரு முட்டை. கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டால் போதும், பூச்சிமருந்து வேண்டாம். குஞ்சுகள் பறந்துவிட்டன என்று உறுதியான பிறகே திறக்க வேண்டும்.

செய்கிறவர்களுக்கு: பலகை 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நான் முதலில் செய்த பிளைவுட் பெட்டி ஒரே மழையில் ஏடு ஏடாகப் பிரிந்தது. வாசல் 32 மி.மீ.; பெரிதாக்கினால் மைனா பிடித்துக்கொள்ளும். அடியில் நாலு சிறு துளை. உள்ளே பெயிண்ட், இழைப்புளி எதுவும் படவேண்டாம், சொரசொரப்பு அப்படியே இருக்கட்டும். பிற்பகல் வெயில் படாத பக்கம், தரையிலிருந்து 3 மீட்டர் உயரம்.

மரத்திலும் குறை உண்டு. மழைக்குப் பிறகு பக்கப்பலகை உப்பிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது, கீலும் துருவேறிவிட்டது. இந்தப் பருவம் முடிந்ததும் பித்தளைக் கீல் போட வேண்டும்.