ஊடகச் சட்டம் படிக்க: இதழியல் துறையா, சட்டக் கல்லூரியா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டுமே எட்டும் தூரம்தான். கோவையிலோ கோழிக்கோட்டிலோ இதழியல் முதுகலை என்றால் இரண்டு வருடம். பட்டப்படிப்பு முடித்தவர்களுக்குச் சட்டம் மூன்று வருடம்.

இதழியலில் சட்டமும் அறமும் பெரும்பாலும் ஒரே தாளில் அடங்கிவிடும். அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு எல்லாம் மேலோட்டம்தான். ஆனால் செய்தி எழுதும் கையோடு படிப்பதால் மனதில் நிற்கும். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குச் செய்தியில் குழந்தையின் பெயரை விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளி, தெரு, அப்பாவின் தொழில் என்று எழுதினால் சின்ன ஊரில் யாரென்று தெரிந்துவிடாதா? அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் அந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கிறது.

சட்டக் கல்லூரியில் தீர்ப்பை முழுதாகப் படிக்கலாம். 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளுக்குத் தண்டனை தந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு ரத்தானது எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பில் கேரள போலீஸ் சட்டத்தில் அதேபோன்ற 118(டி) பிரிவும் ரத்தானது. அப்புறம் 2020இல், இழிவுபடுத்தும் பதிவுகளுக்குத் தண்டனை தரும் 118ஏ பிரிவு அதே சட்டத்தில் வந்தது, கடும் எதிர்ப்பில் திரும்பவும் போனது. நம் மாநிலக் கதை இது, அவசியம் தெரிய வேண்டியது. அறம் மட்டும் சட்டக் கல்லூரியில் ஓரமாகிவிடும். பத்திரிகைகளின் நடத்தையைக் கவனிக்கும் இந்தியப் பத்திரிகை கவுன்சிலால் கண்டிக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது. அதனால் வழக்காகாத தவறுகளைப் பற்றி அங்கே பேச்சு குறைவு.

நிருபராக ஆசையென்றால் முதலில் இதழியல் படியுங்கள், சட்டத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சேருமுன் சட்டமும் அறமும் சொல்லித்தரும் தாளை நடத்துபவர் செய்தியறையிலோ நீதிமன்றத்திலோ வேலை பார்த்தவரா என்று கேட்டுவிடுங்கள்.