அம்மாவின் மாத்திரைகளும் ஒரு வெள்ளைத் தாளும்

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். அதில் பாதி நாள் மருத்துவமனை, பரிசோதனைக் கூடம், மருந்துக்கடை என்றே போய்விட்டது. வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோரின் உடல்நிலையைப் போனில் மட்டும் கேட்டுக்கொள்கிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

போய் இறங்கிய அன்று மாலையே அம்மாவின் கால் கண்ணில் பட்டது. செருப்பின் வார் பதிந்த தடம் அப்படியே இருந்தது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விழுந்த குழி மேலே எழும்பி வர நேரம் பிடித்தது. "வயசாயிடுச்சு, அதான்" என்றார். இதற்காக ஏற்கெனவே டாக்டரிடம் போயிருக்கிறார், நீர் பிரிய ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ராத்திரி மூன்று முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறதாம். வீக்கம் மட்டும் குறையவில்லை.

மறுநாள் காலை வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினோம். அட்டையின் முன்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. குடும்ப டாக்டர் பல வருடமாகக் கொடுத்துவரும் பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5 மில்லிகிராம். நான்கு மாதம் முன்பு இதய டாக்டர் எழுதிய புது மாத்திரையில் இரண்டு மருந்து கலந்திருந்தது: டெல்மிசார்டன் 40 (இதுவும் பிரஷருக்குத்தான்), அம்லோடிபின் 5. பெயரும் நிறமும் வேறு, ஆனால் ஒரே மருந்து இரண்டு அட்டையிலும் இருந்தது. அம்மா தினமும் 10 மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்லோடிபினுக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவுதான். மருந்துக் குறிப்பிலேயே போட்டிருக்கிறது: 5 மில்லிகிராமில் நூற்றுக்கு 3 பேருக்கு வருகிறது, 10 மில்லிகிராமில் கிட்டத்தட்ட 11 பேருக்கு. அளவு இரட்டித்ததால் வீக்கம் வந்திருக்கலாம் என்று அப்போதே சந்தேகம் வந்தது. அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை. இந்த வகை வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாகக் கேட்பதில்லை. யாரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அவரவர் எழுதியது அவரவர் சீட்டில் சரியாகத்தான் இருந்தது. எல்லாச் சீட்டும் ஒன்றுசேரும் இடம் அம்மாவின் கை மட்டும்தான்.

சந்தேகம் வந்ததும் நாமாக ஒரு மாத்திரையை நிறுத்திவிடத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாங்கள் ஒரு வெள்ளைத் தாளில் மருந்தின் பெயர், அளவு, எதற்காக, யார் எழுதியது, எப்போதிலிருந்து என்று வரிசையாக எழுதினோம். கீழே மூன்று கேள்வி. அதை எடுத்துக்கொண்டு டோக்கன் போட்டுக் காத்திருந்தோம்.

அங்கே ஒரு சின்ன விஷயம். படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அம்மாவுக்குப் புடவை, ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்கள், 168 காட்டியது. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்த பிறகு வெறும் கையில் இன்னொரு முறை பார்க்க முடியுமா என்று கேட்டேன். அந்த நர்ஸ் முகம் சுளிக்காமல் பார்த்தார்: 146. அந்த 168ஐ நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

டாக்டர் தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். இரண்டாவது வரியில் பேனா நின்றது. "இது ரெண்டும் சேர்ந்தா போயிட்டிருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்று நான்தான் சொன்னேன். அடுத்தடுத்த கேள்விக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா என் கைமேல் கை வைத்து, "நான் சொல்றேன்" என்றார். காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறேன் என்று சொன்னார். தினமும் போனில் பேசியும் எனக்கு இது தெரியாது. நான் தயாரித்த தாளிலும் இல்லை. அன்றைய சந்திப்பில் மிக முக்கியமான தகவல் அதுதான். டாக்டர் உடனே படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார். நின்றால் இறங்கியது. பழைய அம்லோடிபினையும் நீர் மாத்திரையையும் நிறுத்தினார். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார்.

கிளம்பும்முன் அம்மா தானே திருப்பிச் சொன்னார்: "அப்போ காலைல இது ஒண்ணு மட்டும். ராத்திரி எதுவும் கிடையாது. சரிதானே டாக்டர்?" இப்படி நம் வாயால் திருப்பிச் சொல்லிப் பார்த்தால், எங்கே தப்பாகப் புரிந்துகொண்டோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மருந்துக்கடைக்காரரும் உதவினார். ஒவ்வொரு அட்டையிலும் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை மார்க்கரால் பெரிதாக எழுதித் தரமுடியுமா என்று கேட்டோம். கூட்டத்துக்கு நடுவிலும் எழுதித் தந்தார். பரிசோதனைக் கூடம்தான் ஏமாற்றம். முடிவுகளைக் கேட்டால் "நார்மல்தான்" என்பதோடு முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். அச்சிட்ட தாள் வேண்டும் என்று நின்று வாங்கினோம். அடுத்த முறை ஒப்பிட எண்கள் கையில் இருக்க வேண்டுமே. சோடியம் 133. கொஞ்சம் குறைவு.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துகளால் வரும் தீங்கைக் குறைக்க ஒரு முயற்சியைத் தொடங்கியது. அதில் நோயாளி கேள்வி கேட்க வேண்டிய ஐந்து தருணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: மருந்தைத் தொடங்கும்போது, சாப்பிடும்போது, இன்னொன்றைச் சேர்க்கும்போது, மறுபரிசீலனையின்போது, நிறுத்தும்போது. அம்மா விஷயத்தில் நழுவியது மூன்றாவது தருணம். 'ஏற்கெனவே சாப்பிடுவதோடு இது ஒத்துப்போகுமா?' என்று யாரும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கலாம் என்று நினைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் செருப்பு வாரின் தடம் மங்கலாகத்தான் இருந்தது. தலைசுற்றலும் குறைந்திருந்தது. அந்தத் தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்திருக்கிறார், ஒரு நகல் என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி சோடியம் பார்க்க வேண்டும். எண் என்ன வந்தது என்று நானே வாசித்துச் சொல்கிறேன், நீ அவசரப்பட்டு யாருக்கும் போன் போடாதே என்று சொல்லி அனுப்பினார்.