வெளிப்புற நேரலைக்கு முரட்டு ஃபைபர் கனெக்டர்: பல வருடம் இழுத்துப் பார்த்ததில் தெரிந்தவை

கோலாலம்பூரில் கோயில் திருவிழா, கல்யாணம், மேடை நிகழ்ச்சி என்று நேரலை எடுக்கிற குழுவில் கேபிள் பொறுப்பு என்னுடையது. கேமராவிலிருந்து வேனுக்கு நூறு மீட்டர் தாண்டினாலே 3ஜி எஸ்டிஐ என்கிற வீடியோ சிக்னலுக்குச் செம்பு கோஆக்ஸ் கேபிளை நம்ப முடியாது, ஃபைபர்தான். பத்துமலையில் சிலைக்குப் பக்கத்தில் ஒரு கேமரா, 272 படிக்கு மேலே குகை வாசலில் இன்னொன்று என்றால் வேறு வழியே இல்லை. இழையின் விலையை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை, அதன் இரண்டு முனையிலும் என்ன மாட்டியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே ஊர் முழுக்கக் கிடைக்கிற, எல்சி என்கிற சாதாரண சின்ன ஃபைபர் பிளக், வெளியே இழுவையும் மிதியும் தாங்குகிற உலோகக் கூடு: இந்த அமைப்புதான் எங்கள் வேலைக்குச் சரி. நாங்கள் வைத்திருப்பது நியூட்ரிக்கின் ஆப்டிகல்கான் டியோ. இதன் சாக்கெட்டில் அதன் சொந்தப் பிளக்கும் போகும், கடையில் வாங்கும் சாதாரண எல்சி டூப்ளெக்ஸ் பேட்ச் கார்டும் (இரண்டு இழையுள்ள சிறு இணைப்புக் கேபிள்) போகும். பலகையில் அதற்கு வேண்டிய ஓட்டையும் எக்ஸ்எல்ஆர் மைக் சாக்கெட்டுக்கு வெட்டுகிற அதே டி வடிவம் என்பதால், பழைய ஸ்டேஜ் பாக்ஸ் தகடுகளை மாற்றாமலே இதைப் பொருத்திக்கொண்டோம். ஒரு மண்டபத்தில் அங்குள்ள டெக்னீஷியன் தம்பி, "அண்ணே, உங்க கேபிள் எங்க ரேக்குல சேராதே" என்று கையைப் பிசைந்தான். அவனுடைய ரேக்கிலிருந்தே ஒரு எல்சி கார்டை எடுத்து நேராக எங்கள் பெட்டியின் முகப்பில் செருகினோம், படம் வந்துவிட்டது. சில தயாரிப்புகள் "எல்சி அடிப்படை" என்று மட்டும் எழுதியிருக்கும். இழையைப் பிடித்திருக்கும் முனைக் குழாயான ஃபெரூல் அதே 1.25 மில்லிமீட்டர்தான், ஆனால் வெளிக்கூடு வேறு என்பதால் வெறும் எல்சி அதில் நிற்கவே நிற்காது. வாங்குமுன் ஒரு சாதாரண பேட்ச் கார்டைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள்.

தூசி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிங்கிள்மோட் இழையில் வெளிச்சம் போகிற மையம் வெறும் 9 மைக்ரான். தைப்பூசத்தில் காற்று முழுக்க விபூதி, தரையில் பால்குடத்துப் பால். பினாங்கில் தேர் வருமுன் சாலையில் மலைமலையாகத் தேங்காய் உடைப்பார்கள், அந்தத் தண்ணீர் காய்ந்தால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தூசியும் தண்ணீரும் புகாது என்று ஐபி தர எண் போட்டிருப்பதை நம்பிக் கழற்றாதீர்கள், அந்தக் காப்பு பூட்டிய நிலைக்கோ மூடி போட்ட நிலைக்கோ மட்டும்தான். பூட்டியிருக்கும்போதே வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகுதான் நாங்கள் திறக்கிறோம். பிளக்கைக் கழற்றியதும் தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் பெரிய உதவி, ஆனாலும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் முனையைப் பார்க்காமல் நான் எதையும் சேர்ப்பதில்லை. அப்புறம் நம் ஊர் ஈரப்பதம். ஏர்கான் ஓடிய வேனிலிருந்து கேபிள் சுற்றிய டிரம்மை இறக்கி உடனே மூடியைத் திறந்தால் முனையில் பனி படியும். வெளிச் சூட்டுக்கு வரும்வரை மூடியோடு விட்டுவிடுங்கள். மூடியின் உள்பக்கமும் அழுக்கு சேருகிற இடம்தான், அதையும் துடைக்க வேண்டும்.

இந்தத் தூசித் தொல்லைக்காகவே எக்ஸ்பாண்டட் பீம் வகை வந்தது. அதில் இரண்டு கண்ணாடி முனைகள் தொடுவதில்லை, லென்ஸ் வழியாக வெளிச்சத்தை விரித்து அனுப்பி எதிர்ப்பக்கம் மறுபடி குவிக்கிறார்கள். ஒரு துகள் விழுந்தாலும் கொஞ்சம் வெளிச்சம்தான் மறையும், துணியால் துடைத்தால் போதும். இரண்டு முனையும் ஒரே மாதிரி என்பதால் எந்த டிரம்மையும் எந்தப் பக்கமும் தொடரலாம். ராணுவத்துக்கும் சுரங்கத்துக்கும் அருமையான பொருள். எங்களுக்குத்தான் ஒத்துவரவில்லை. ஒரு இணைப்புக்கு ஒரு டெசிபல் அளவில் போனால் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, தொட்டு நிற்கும் வகையில் 0.3 டெசிபல் என்றால் ஏழு சதவீதம்தான். அதைவிடப் பெரிய காரணம், அவசரத்தில் பக்கத்து ஆளிடம் கடன் வாங்கிச் செருக ஒன்றுமே கிடைக்காது.

கழற்றிப் பழுது பார்க்க முடிவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல வடிவமைப்பில், கேபிளுக்குள் இருக்கும் அராமிட் நாரைக் கூட்டின் பின்பகுதி இறுகப் பிடித்துக்கொள்ளும். யாராவது காலில் மாட்டி இழுத்தாலும் பாரம் நாருக்குத்தான் போகும், கண்ணாடி இழைக்குப் போகாது. ஒருமுறை லாரி டயர் ஏறி ஒரு பிளக்கின் வெளிக்கூடு நசுங்கியது, உள்ளே எல்சி இரண்டும் பிழைத்தன. கூட்டை மட்டும் மாற்றி, துடைத்து, லாஸ் (வெளிச்ச இழப்பு) அளந்து அதே டிரம்மைத் திரும்ப ஓட்டினோம். அதற்கு முன் வைத்திருந்த வேறொரு தயாரிப்பு மொத்தமும் ரப்பரில் வார்த்தது, பூட்டு வளையம் உடைந்ததற்காக முனையையே வெட்டி, புது முனையை இழையோடு ஒட்டும் ஸ்ப்ளைஸுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வளையத்தின் விலை ஒன்றுமில்லை, டிரம் வாரக்கணக்கில் கடையில் கிடந்ததுதான் வலித்தது.

கட்டடத்தின் சொந்த ஃபைபரில் சேரும்போது நிறத்தைக் கவனியுங்கள். வீட்டு இணையத்தில் வருகிற பச்சை எஸ்சி முனை ஏபிசி, 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது. சாய்வில்லாத நீல யுபிசி முனையை அதோடு நேராக முட்டவிட்டால் லாஸ் எகிறும், முனையும் கெடும். ஒரு பக்கம் எல்சி யுபிசி, மறுபக்கம் எஸ்சி ஏபிசி உள்ள கார்டு பையில் எப்போதும் இருக்கட்டும், சில வெள்ளிதான்.

வாடகைக் கேமராவில் எஸ்எம்பிடிஇ 304 கனெக்டர் வந்தால் கதை வேறு. அதில் இரண்டு இழையோடு மின்சாரத்துக்கும் செம்புக் கம்பிகள் உண்டு, ஆண் பெண் முனை வேறு. இழைகளை மட்டும் பிரித்து எங்கள் டிரம்மில் அனுப்பும் பெட்டி இருக்கிறது, ஆனால் கேமராவுக்கு மின்சாரம் அங்கேயே கொடுத்தாக வேண்டும். குகை வாசல் மாதிரி இடத்துக்கு அந்தக் கேமராவைக் கேட்பவர்களிடம் பிளக் பாயிண்ட் எங்கே என்று முதல் நாளே கேட்டு வைத்துவிடுகிறேன்.