ஜிம் பீமா, மேக்கர்ஸ் மார்க்கா, வைல்ட் டர்க்கி 101-ஆ?

சிங்கப்பூரில் மலிவாக ஒரு பர்பன் (அமெரிக்க விஸ்கி வகை) வாங்க நினைத்தால், விலையோடு சேர்த்து லேபிளில் உள்ள ஆல்கஹால் சதவீதத்தையும் பாருங்கள். இங்கே தீர்வை கணக்கிடப்படுவதே அதை வைத்துத்தான்: சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 40 சதவீத ஜிம் பீம் வெள்ளை லேபிள், 700 மில்லி போத்தலுக்குத் தீர்வை மட்டும் 24 வெள்ளி 64 காசு. 45 சதவீத மேக்கர்ஸ் மார்க்குக்கு 27 வெள்ளி 72 காசு. 50.5 சதவீத வைல்ட் டர்க்கி 101-க்கு 31 வெள்ளி 11 காசு. அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி வேறு.

ஆக, அடிமட்டச் சரக்குகூட இங்கே மலிவு இல்லை. ஒரு போத்தலுக்கு இவ்வளவு வரி கட்டியே தீர வேண்டும் என்றால், இன்னும் கொஞ்சம் போட்டு நல்லதாக வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

மூன்றுமே அமெரிக்காவின் கென்டக்கி மாநிலச் சரக்கு. பர்பன் என்றால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். அமெரிக்கச் சட்டம் அப்படி. அந்தக் கருகிய மரம்தான் நிறத்தையும் வெனிலா வாசனையையும் தருகிறது.

ஜிம் பீம் நான்கு வருடம் ஊறியது. முகர்ந்தால் முதலில் வருவது வறுத்த கச்சான் (வேர்க்கடலை) வாசம். அப்புறம் சோளத்தின் இனிப்பு, லேசான வெனிலா. நாக்கில் மெலிதாக ஓடி, சீக்கிரம் மறைந்துவிடும். ராவாகக் குடிக்க எனக்கு இது போதவில்லை. ஆனால் நிறைய ஐஸ், சோடா, ஒரு துண்டு எலுமிச்சை சேர்த்தால் வெயில் நேரத்துக்கு இதமாக இருக்கிறது. வீட்டுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் இதையே வாங்குங்கள்.

மேக்கர்ஸ் மார்க்கில் வழக்கமான ரை தானியத்துக்குப் பதில் கோதுமை. காரம் போய் மென்மை வந்துவிடுகிறது. "விஸ்கி தொண்டையைக் கிழிக்குது" என்று ஒதுங்குபவர்களுக்கு முதலில் ஊற்றிக் கொடுக்க ஏற்றது. வெல்லப்பாகு, பழம், கடைசியில் கொஞ்சம் மரம். குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குத்தான் இரண்டாவது கிளாஸில் இனிப்பு திகட்டுகிறது.

வைல்ட் டர்க்கி 101-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெயரில் உள்ள 101 அமெரிக்க புரூஃப் கணக்கு, 50.5 சதவீதத்தின் இரட்டிப்பு. 1954-இல் வைல்ட் டர்க்கி வடிசாலையில் வேலைக்குச் சேர்ந்த ஜிம்மி ரஸ்ஸல் பல்லாண்டுகள் கட்டிக்காத்த பாணி இது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதம் வரை போகலாம் என்று சட்டம் இடம் கொடுத்தாலும், இவர்கள் 57.5-லேயே நிறுத்துகிறார்கள். அதனால் போத்தலில் அடைக்கும்போது கலக்கும் தண்ணீரும் குறைவு, பீப்பாயின் ருசி அவ்வளவாக நீர்த்துப்போவதில்லை. பீப்பாயையும் முதலைத் தோல் போல வெடிக்கும் அளவுக்குக் கருக்குகிறார்கள்.

ஊற்றிய உடனே மூக்கை உள்ளே விடாதீர்கள். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கை எரிக்கும். ஐந்து நிமிடம் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். கருகிய சர்க்கரை, கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோல். முதல் மிடறு காரமாகத்தான் இருக்கும். ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டதும் காரம் பின்வாங்கி, இனிப்பு முன்னே வருகிறது. விழுங்கிய பிறகும் பட்டையின் சூடு நெஞ்சில் வெகுநேரம் நிற்கிறது. மிளகு தூக்கலான மட்டன் வறுவல் பக்கத்தில் இருந்தாலும் இதன் ருசி அடிபடாது. ஜிம் பீம் அந்த இடத்தில் காணாமல் போய்விடும்.

காசுக் கணக்கிலும் இது தோற்கவில்லை. ஒரு போத்தல் 101-ஐ 40 சதவீதத்துக்கு இறக்கினால் ஏறத்தாழ 880 மில்லி வரும். தீர்வை கூடினாலும் சரக்கும் கூடுகிறது, நாம் சேர்க்கும் தண்ணீருக்கு வரி கிடையாது. ஒரே எச்சரிக்கை: ஜிம் பீம் ஊற்றும் அளவிலேயே இதையும் ஊற்றினால் போதை கால் பங்கு கூடுதல். அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சாங்கி விமான நிலையத்தில் வாங்குவது இன்னும் லாபம். 18 வயது நிரம்பி, 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருந்தால் ஒரு லிட்டர் விஸ்கிக்குத் தீர்வை இல்லை. ஜொகூர் போய் வருவது இதில் சேராது, மலேசியாவிலிருந்து வருவோருக்கு இந்தச் சலுகையே கிடையாது. ஒரு லிட்டர் ஜிம் பீமில் மிச்சமாகும் தீர்வை 35 வெள்ளி 20 காசு, 101-இல் 44 வெள்ளி 44 காசு. அலமாரியில் 101 இருந்தால் அதையே எடுங்கள்.