விலைப்பட்டியலில் எண்ணும் கமாவும்: இன்டிசைன் எவ்வளவு கைகொடுக்கிறது?

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மண்டிகளுக்கு விலைப்பட்டியல் அடிக்கும்போது பெங்களூரா, செந்தூரா பெயர்களைவிட எண்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். 1,750 என்பதில் கமாவுக்குப் பின் இடைவெளி விரிந்தால் ‘1, 750’ என்று இரண்டு எண்ணாகப் படிக்கத் தோன்றும். இதைச் சரிசெய்ய, பக்க வடிவமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைன் நல்ல கருவி. ஆனால், அதன் இயல்பு அமைப்பை அப்படியே நம்பக் கூடாது.

கெர்னிங்கில் (அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) ‘மெட்ரிக்ஸ்’ என்று இருந்தால், ஃபாண்டுக்குள் எழுதிவைத்த ஜோடி அளவை மட்டுமே அது எடுக்கும். பல தமிழ் ஃபாண்டுகளில் எண்ணுக்கும் புள்ளிக்கும் ஜோடியே கிடையாது. எண் ஒரு ஃபாண்டிலும் கமா இன்னொன்றிலும் இருந்தால் ஜோடி இருந்தும் பயனில்லை. முதலில் இரண்டையும் ஒரே ஃபாண்டுக்கு மாற்றுங்கள். பிறகு எண்களுக்கு மட்டும், எழுத்தின் வடிவத்தைப் பார்த்து இடைவெளி கணக்கிடும் ‘ஆப்டிகல்’ கொடுங்கள். தமிழ் எழுத்துகள் மெட்ரிக்ஸிலேயே இருக்கட்டும்.

தலைப்பிலோ அழைப்பிதழ் தேதியிலோ (17.4.2025) கையாலேயே இடைவெளியைக் குறைத்து ஒட்டலாம். 7-க்கும் 4-க்கும் பின்னால் வரும் புள்ளிதான் அதிகம் விலகித் தெரியும். கர்சரை எண்ணுக்கும் புள்ளிக்கும் நடுவில் வைத்து ஆல்ட்டும் இடது அம்பும் அழுத்தினால் ஒரு தட்டலுக்கு 20 குறையும் (எம் அளவில், அதாவது எழுத்தின் பாயின்ட் அளவில், ஆயிரத்தில் 20). இது முரட்டு அளவு. பிரிஃபரன்சஸில் ‘யூனிட்ஸ் அண்ட் இன்கிரிமென்ட்ஸ்’ போய் 5 ஆக்கிவிடுங்கள்.

பட்டியலில் கை வைத்தியம் கூடாது. ஒரு வரியில் மட்டும் ஒட்டினால் மேல்வரியோடு இலக்கம் நேர் நிற்காது. ஓப்பன்டைப் மெனுவில் ‘டேபுலர் லைனிங்’ (எல்லா இலக்கமும் ஒரே அகலம்) எடுத்து, புள்ளியில் நிற்கும் டெசிமல் டேப் வையுங்கள். ஃபாண்டில் அந்த வசதி இல்லையென்றால் மெனுவில் அது சதுர அடைப்புக்குள் தெரியும். இடைவெளியை எல்லா வரிக்கும் ஒன்றாகக் குறைக்க, பத்தி ஸ்டைலில் கிரெப் ஸ்டைல் (கொடுத்த வடிவத்தில் வரும் எழுத்துகளைத் தேடி, ஒரு கேரக்டர் ஸ்டைலைத் தானாகப் போடும் வசதி) போதும்:

[0-9](?=[.,])

இங்கே ஒரு குறை. கேரக்டர் ஸ்டைலில் கெர்னிங் எண்ணைச் சேமிக்க முடியாது, டிராக்கிங்தான் (தேர்ந்தெடுத்த எழுத்துகளுக்கெல்லாம் ஒரே அளவில் இடைவெளி மாற்றுவது) முடியும். டிராக்கிங் எழுத்துக்குப் பின்னால் விழும் என்பதால் கமாவுக்குப் போடாமல் முன்னிருக்கும் எண்ணுக்குப் போட வேண்டும். மேலே உள்ள வரி அதற்குத்தான். −15-இல் தொடங்கிப் பாருங்கள். கமாவுக்குப் பின்னால் விரிந்திருந்தால் ,(?=[0-9]) என இன்னொரு வரி சேருங்கள்.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபாண்டான பாமினியில் அடித்த பழைய கோப்புகளில் இதை ஓட்டாதீர்கள். அங்கே கமாவின் இடத்தில் ‘இ’ இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே கிரெப்.